வன்னியில் பிரதேச சபைக் கட்டடங்களை ஸ்மார்ட்டாகத் திட்டமிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரைச்சி, பூநகரி, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, வெங்கலச்செட்டிகுளம், வவுனியா வடக்கு (நெடுங்கேணி) என்று வன்னியில் எந்தச் சபையை எடுத்தாலும் கட்டப்படும் கட்டடங்கள் ஏறத்தாழ ஒரே வகைதான்: அலுவலகம், உப அலுவலகம், பொது நூலகம், சந்தை, கடைத்தொகுதி, பொதுநோக்கு மண்டபம். இவற்றுக்கு வரைபடமும் மதிப்பீடும் தயாரிக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், செயலாளர்கள், சபை உறுப்பினர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது.

ஸ்மார்ட் கட்டடம் என்பது உண்மையில் என்ன?

கட்டடத்தில் நடப்பதை அளப்பது, அளந்ததைப் பார்த்து முடிவெடுப்பது, அந்த முடிவு கட்டடத்திலேயே நடக்கும்படி செய்வது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஸ்மார்ட். தாங்கி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவைச் சுவிட்சும் இதில் அடங்கும். யாரும் திறந்து பார்க்காத தொடுதிரையைச் சுவரில் மாட்டுவது அடங்காது. ஒரு கருவியைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது தரும் எண்ணை எந்தப் பதவியில் இருப்பவர் பார்ப்பார்? பார்த்து என்ன செய்வார்? பதில் இல்லை என்றால் அந்தக் கருவி வேண்டாம்.

சென்சர்களுக்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதை. தவறான திசையில் நிற்கும் கட்டடத்தை எந்தக் கருவியாலும் குளிர்விக்க முடியாது, மின்கட்டணத்தைத்தான் கூட்ட முடியும்.

வன்னி ஏறத்தாழ 8.7 முதல் 9.5 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமிருந்து விழுகிறது. தெற்குக்கு மட்டும் சன்ஷேட் போட்டு வடக்கை வெறுமையாக விடும் வரைபடங்கள் இந்த இடத்தில்தான் பிழையாகின்றன.

கட்டடத்தின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். யன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் வரட்டும். டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கில் ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்பதால், 1.5 மீற்றர் உயர யன்னலை முழுதாக நிழலில் வைக்க 0.95 மீற்றர் நீட்டம் வேண்டும். ஜூனில் வடக்கில் 75 பாகை என்பதால் 0.4 மீற்றர் போதும். காலை மாலைச் சரிவு வெயிலுக்கும் இடம் விட்டு 0.6 மீற்றராக வையுங்கள். நிலம் இடம் கொடுத்தால் தெற்கில் ஒரு விறாந்தையே போடலாம். அது நிழலும் தரும், வரிசையில் நிற்கும் மக்களுக்கு இடமும் தரும்.

கிழக்கு, மேற்குச் சுவர்களில் தாழ்ந்த வெயில் விழும், அதைச் சன்ஷேட்டால் தடுக்க முடியாது. மலசலகூடம், களஞ்சிய அறை, படிக்கட்டு ஆகியவற்றை அந்தப் பக்கங்களுக்குத் தள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் சோளகமும் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் உள்ளே புகுந்து வெளியேற, எதிர் எதிர் சுவர்களில் திறப்பு வேண்டும். உள்ளே போடும் தடுப்புச்சுவர் கூரைவரை எழும்பினால் காற்று அதோடு நின்றுவிடும். அலுவலக மேசைகளைப் பிரிக்க 1.5 மீற்றர் உயரத் தடுப்பே போதும்.

கூரைத் தகட்டின் கீழ் அலுமினியத் தாள் போடும்போது தகட்டுக்கும் தாளுக்கும் இடையில் 25 மில்லிமீற்றர் காற்றிடைவெளி விடுங்கள். ஒட்டிப் போட்டால் தாள் வெப்பத்தைத் திருப்பாது, கடத்திவிடும். சீலிங்குக்கு மேலுள்ள சூடான காற்று முகட்டு வழியாக வெளியேற வழி வேண்டும். அந்த வழியில் வலை அடிக்காவிட்டால் வௌவால் குடியேறும்.

மின், தொடர்பாடல் வேலையை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

வரைபடக் கட்டத்திலேயே. கட்டி முடித்துப் பூச்சும் பூசிய பிறகு "இன்ரநெற் பொயின்ற் போடவேண்டும்" என்று சுவரை வெட்டுவதுதான் எங்கள் பகுதியில் அதிகம் நடக்கும் வீண்செலவு. இன்று சென்சர் வாங்கக் காசில்லாத சபையும் வெறுங்குழாயைப் போட்டு வைக்கலாம். வேலை அளவுப் பட்டியலில், அதாவது பி.ஓ.கியூவில், தனி உருப்படியாக இவற்றை எழுதுங்கள்:

- ஒவ்வொரு அறையிலிருந்தும் தொடர்பாடல் பெட்டி வரை 25 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய், பின்னாளில் கேபிளை இழுக்க உள்ளே இழுகம்பியுடன்.
- கூரையிலிருந்து மின் அறைக்கு 50 மில்லிமீற்றர் குழாய், பின்னாளில் சூரியக்கலத்துக்கு.
- வீதியிலிருந்து கட்டடத்துக்கு 110 மில்லிமீற்றர் குழாய் இரண்டு. ஒன்று மின்சாரத்துக்கு, மற்றது ஃபைபருக்கு.
- தண்ணீர்த் தாங்கியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் மின் அறைக்கு 25 மில்லிமீற்றர் குழாய்.

இரண்டு இழுவைப் பெட்டிகளுக்கு இடையில் இரண்டு வளைவுக்கு மேல் வரக்கூடாது, தூரம் 15 மீற்றரைத் தாண்டக்கூடாது. குழாயின் இரு முனையையும் மூடியால் அடைத்துவிடுங்கள். திறந்து விட்ட குழாயில் முதலில் குளவி மண்கூடு கட்டும், பிறகு கொங்கிறீற் பால் இறங்கி இறுகும்.

எதை முதலில் அளக்க வேண்டும்?

மின்சாரமும் தண்ணீரும். மற்றவை பிறகு.

மின்சாரத்துக்கு முதன்மைப் பலகையில் ஒரு மூன்று கட்ட (திறீ பேஸ்) மின்மானி, அதன் கீழ் ஏ.சி., தண்ணீர் மோட்டார், விளக்கும் சொக்கற்றும் என்று மூன்று துணைமானிகள். இதற்கு வயரிங் வரைபடத்திலேயே அந்த மூன்று சுற்றுகளும் பிரிந்திருக்க வேண்டும். கலந்து ஓடும் வயரிங்கில் எந்த மானியாலும் பிரித்துக் காட்ட முடியாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும்.

முதல் மாதத்தில் பார்க்க வேண்டிய எண் நள்ளிரவுப் பாவனை. அலுவலகம் பூட்டிய பிறகும் 600 வாற் ஓடிக்கொண்டிருந்தால், இரவு 12 மணி நேரக் கணக்கில் மாதம் 216 யூனிற் (கிலோவாற் மணி) போகிறது. பெரும்பாலும் அணைக்காத கணினிகள், சுடுநீர் இயந்திரம், வெளிவிளக்கு ஆகியவையே காரணம். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம், ஒரு கணக்குத்தாள் போதும்.

மானிகள் காட்டும் எண் ஏன் பிழையாக வருகிறது?

மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை மானிக்கு ஏற்றபடி சிறிதாக்கித் தரும் மின்னோட்ட மாற்றி, அதாவது சி.ரி., தலைகீழாக மாட்டப்பட்டால் எண் எதிர்மறையாகும். ஒரு கட்டத்தின் சி.ரி.யை வேறு கட்டத்தின் அழுத்தத்தோடு இணைத்தால் வலுக்காரணி (பவர் பக்டர்) நம்பமுடியாத எண்ணாக வரும். 100 அம்பியரை 5 அம்பியராகக் குறைக்கும் 100/5 சி.ரி. போட்டுவிட்டு மானியில் வேறு விகிதம் பதிந்தால் எல்லா எண்ணும் ஒரே மடங்கில் பிழையாகும். மின்சார சபை மானியோடு ஒரு வாரம் ஒப்பிடுங்கள், வித்தியாசம் 3 வீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒப்பிட்டுக் காட்டிய பிறகே ஒப்பந்தகாரருக்குக் கொடுப்பனவு. சுமை ஓடும்போது சி.ரி.யின் இரண்டாம் பக்கக் கம்பியைக் கழற்றித் திறந்துவிடக்கூடாது. உயிராபத்தான உயர் அழுத்தம் அதில் எழும்.

மானிகளின் தரவைக் கொண்டுசெல்லும் ஆர்.எஸ். 485 கம்பி ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாக ஓட வேண்டும், ஒரு மையத்திலிருந்து கிளைகளாகப் பிரியக்கூடாது. முறுக்கிய சோடிக் கம்பி, இரு முனையிலும் 120 ஓம் தடை, மின்கேபிளிலிருந்து 300 மில்லிமீற்றர் விலகல். இவற்றில் ஒன்று தவறினாலும் இணைப்பு சில நாள் வேலைசெய்யும், சில நாள் செய்யாது. அப்படி விட்டுவிட்டு வரும் பிழைதான் கண்டுபிடிக்க மிகக் கடினம்.

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கு நல்லதா?

மலசலகூடத்துக்கும் நடைபாதைக்கும் நல்லது, 10 நிமிடத்தில் அணையும்படி வைக்கலாம். நூலக வாசிப்பறைக்குப் போடாதீர்கள். அசையாமல் இருந்து வாசிப்பவரை இந்த உணரிகள் காணமாட்டா, வாசித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணையும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. அகச்சிவப்பு உணரி உடற்சூட்டுக்கும் சூழலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் ஆளைக் காண்கிறது. பிற்பகலில் அறை 34, 35 பாகைக்கு ஏறும்போது அந்த வித்தியாசம் சுருங்கி, பார்வைத் தூரம் குறைகிறது. பட்டியலில் 8 மீற்றர் என்று போட்டிருந்தால் 5 மீற்றர் என்று கணக்கிட்டு இடம் குறியுங்கள்.

ஏ.சி. இல்லாமல் சமாளிக்கலாமா?

சபா மண்டபத்தையும் பதிவறையையும் தவிர மற்ற இடங்களில் சமாளிக்கலாம். சாதாரண மின்விசிறி 70 முதல் 75 வாற் எடுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி 30 முதல் 35 வாற்தான். 12 விசிறியை மாற்றினால் நாளுக்கு 8 மணி, மாதத்துக்கு 22 நாள் கணக்கில் 84 யூனிற் மிஞ்சும். ஏ.சி. உள்ள அறையில் 26 பாகையில் வைத்து விசிறியையும் சேர்த்துப் போடுங்கள். சபைக் கூட்டம் நடக்கும் மூடிய மண்டபத்தில் காபனீரொட்சைட்டு உணரி ஒன்று வைப்பது பயன் தரும்: 1000 பி.பி.எம். தாண்டினால் யன்னலைத் திறக்க வேண்டும். வாங்கும்போது அகச்சிவப்பு முறையில் அளக்கும் வகைதானா என்று பாருங்கள். மலிவானவை வேறு வாயுவை அளந்து இதை ஊகித்துக் காட்டுகின்றன.

கூரையில் சூரியக்கலம் போட்டால் கரண்ட் போனாலும் அலுவலகம் ஓடுமா?

ஓடாது. இன்வேட்டர்தான் சூரியக்கலத்தின் மின்சாரத்தைப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் கருவி. மின்சார சபை வலையமைப்போடு இணைந்த சாதாரண இன்வேட்டர், கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பியில் ஏறித் திருத்தும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைக்கப்பட்டுள்ளது. பல சபைகளில் இதைத் திறப்புவிழாவுக்குப் பிறகுதான் அறிகிறார்கள்.

கரண்ட் போனாலும் சில சேவைகள் ஓடவேண்டும் என்றால் பற்றரியோடும் இயங்கும் ஹைபிறிட் இன்வேட்டரும் பற்றரியும், அவற்றுக்கென்று பிரித்த அத்தியாவசியச் சுற்றும் வேண்டும். கணக்கு இப்படி: ரவுட்டரும் வலைக்கருவிகளும் 60 வாற், நான்கு கணினி 400, பத்து எல்.ஈ.டி. விளக்கு 120, ஆறு பி.எல்.டி.சி. விசிறி 180. மொத்தம் 760 வாற். மூன்று மணிநேரத்துக்கு 2.3 கிலோவாற் மணி. பற்றரியை 80 வீதம்தான் இறக்கலாம், இன்வேட்டரில் 10 வீதம் இழப்பு, ஆக 3.2. பற்றரி வயதாகக் கொள்ளளவு குறையும் என்பதால் 5 கிலோவாற் மணி லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி வாங்கலாம். ஏ.சி.யையும் தண்ணீர் மோட்டாரையும் அந்தச் சுற்றில் கோர்க்காதீர்கள். ஈய அமிலப் பற்றரி என்றால் அறைச்சூடு 25 பாகைக்கு மேல் 8 முதல் 10 பாகை ஏறினாலே ஆயுள் பாதியாகும். தகரக் கூரையின் கீழ் வைத்தால் எவ்வளவு நல்ல பற்றரியும் நீடிக்காது.

சூரியக்கலத்தின் அளவைப் பொறுத்தவரை, இங்குள்ள வெயிலில் 1 கிலோவாற் மாதத்துக்கு ஏறத்தாழ 110 முதல் 120 யூனிற் தரும். கடந்த 12 மாதப் பற்றுச்சீட்டை எடுத்துச் சராசரி பார்த்து அளவைத் தீர்மானியுங்கள். 5 கிலோவாற்றுக்கு 25 முதல் 30 சதுர மீற்றர் கூரை தேவை. சரிவு 10 பாகைக்குக் குறையாமல் இருந்தால் மழை தூசியைக் கழுவும்.

நல்ல வெயிலில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், இன்வேட்டர் ஏன் நின்றுபோகிறது?

அழுத்தம் ஏறுவதால். வழங்கல் 230 வோல்ற், ஏற்ற இறக்கம் 6 வீதம். மேல் எல்லை ஏறத்தாழ 244. மின்மாற்றியிலிருந்து நெடுந்தூரம் வந்த கம்பியின் கடைசியில் கட்டடம் இருந்து, விடுமுறை நாளில் பாவனையும் இல்லை என்றால், உற்பத்தி முழுவதும் வெளியே தள்ளப்படும்போது அழுத்தம் எல்லையைத் தாண்டும். இன்வேட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும். வாங்குவதற்கு முன்பே மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் மின்மாற்றியின் கொள்ளளவையும் தூரத்தையும் கேளுங்கள். இன்வேட்டரிலிருந்து மானி வரை தடித்த கேபிள் போடுங்கள். தண்ணீர் மோட்டாரை நண்பகலில் ஓடும்படி நேரம் வைப்பதும் உதவும்.

தண்ணீரை எப்படி அளப்பது? இங்குள்ள கிணற்று நீரில் மானி நிற்குமா?

வன்னியின் பல இடங்களில் கிணற்று நீர் கல்லுத்தண்ணீர். சுண்ணாம்பு படிந்து, சுழலும் மானியும் மின்சாரத்தால் திறந்து மூடும் சொலனொயிட் வால்வும் இறுகிப்போகும். முன்னால் வடிகட்டி வைத்து, கழற்றித் துப்புரவாக்க இருபுறமும் யூனியனும் மாற்றுவழிக் குழாயும் போடுங்கள். பணம் இருந்தால் சுழலும் பாகம் இல்லாத மீயொலி மானி நல்லது.

தாங்கியின் நீர்மட்டத்தை அளக்க, மேலிருந்து பார்க்கும் மீயொலி உணரியைப் பலர் வாங்குகிறார்கள். வெயிலில் மூடிய தாங்கிக்குள் ஆவி படிந்து அதன் முகம் நனைந்தால் எண் தாறுமாறாகும். அடியில் தாழ்த்தி வைக்கும் அழுத்த உணரி நம்பகமானது. எதை வைத்தாலும் மிதவைச் சுவிட்சை அகற்ற வேண்டாம். கோடையில் குழாய்க்கிணறு வற்றும்போது மோட்டார் எரியாமலிருக்க வறட்சிப் பாதுகாப்பும் அவசியம்.

கசிவைக் காண மிக எளிய வழி, இரவு 12 முதல் 4 மணி வரையான ஓட்டத்தைப் பார்ப்பது. அது பூச்சியமாக இருக்க வேண்டும். மணிக்கு 20 லீற்றர் ஓடினால் மாதத்தில் 14,400 லீற்றர் வீண்.

மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமா?

2007ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபை (திருத்த)ச் சட்டம் புதிய கட்டடங்களுக்கு இதைக் கொண்டுவந்தது. சட்டம் சொல்லாவிட்டாலும் வரண்ட வலயத்தில் சபை தானே முன்மாதிரியாகச் செய்ய வேண்டிய வேலை இது. 300 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், 80 வீதம் சேர்ந்தாலும் 12,000 லீற்றர். 25,000 லீற்றர் தாங்கி, மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் நாளுக்கு 1,000 லீற்றர் எடுத்தால் 25 நாள் வரும். நீண்ட கோடையை அது கடத்தாது. எனவே தாங்கி நிரம்பி வழிவதை வாய்க்காலுக்கு விடாமல் கிணற்றருகே ஊறுகுழிக்கு விடுங்கள்.

மாதக்கணக்கில் காய்ந்த கூரையின் முதல் 1 மில்லிமீற்றர், அதாவது 300 லீற்றர், அழுக்கு. அதை ஒதுக்கக் குழாய்த்துண்டு போதாது, தனி பரல் வேண்டும். அடியில் சிறு துளை வைத்து அது தானாக வடியும்படி செய்யாவிட்டால், அடுத்த மழைக்கு அது நிறைந்தே இருக்கும்.

இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

சித்திரை மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி இங்கே வழமை. ஒரே இடியில் ரவுட்டர், மானி, இன்வேட்டர் மூன்றும் போவதுண்டு. முதன்மைப் பலகையில் நேரடி இடியின் மின்னோட்டத்தையும் தாங்கும் வகை 1+2 மின்னெழுச்சித் தடுப்பு, துணைப்பலகையில் மிஞ்சும் எழுச்சியைத் தடுக்கும் வகை 2, கூரையிலிருந்து வரும் நேர்மின் கம்பிக்கும் வலைக்கேபிளுக்கும் தனித்தனியே. தடுப்பானை எர்த்தோடு இணைக்கும் கம்பி அரை மீற்றருக்குள் இருக்க வேண்டும். நீண்டு வளைந்தால் தடுப்பான் இருந்தும் பயனில்லை.

எர்த் தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். இதை மழைக்காலத்தில் அளந்து ஒப்புக்கொள்ளாதீர்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலில் ஓகஸ்ட், செப்டெம்பரில் அளந்தால் அதே எர்த் பலமடங்கு காட்டும். அந்த மாதங்களில் அளந்த எண்ணையே பதிவேட்டில் எழுதுங்கள். மின்சாரத்துக்கு ஓர் எர்த், கணினிக்கு இன்னோர் எர்த் என்று பிரித்து விடுவது தவறு, எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும்.

வெள்ளம் வரும் இடத்தில் என்ன செய்வது?

2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எங்கெங்கே தண்ணீர் ஏறியது என்பது ஊராருக்குத் தெரியும். அந்த மட்டத்தைக் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். மின்பலகை, இன்வேட்டர், பற்றரி ஆகியவை தளத்திலிருந்து 1.2 மீற்றருக்கு மேலே இருக்கட்டும்.

ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். வெள்ளத்துக்காகத் தளத்தை உயர்த்தினால் சக்கர நாற்காலிச் சாய்தளமும் நீளும். சாய்வு 1:12 என்பதால் 450 மில்லிமீற்றர் தளத்துக்கு 5.4 மீற்றர் போதும், 900 மில்லிமீற்றர் என்றால் 10.8 மீற்றரும் நடுவில் ஓய்வுத்தளமும் வேண்டும். போரில் உறுப்பிழந்தோர் இத்தனை பேர் வாழும் மண்ணில், கடைசி நேரத்தில் செங்குத்தாக ஒரு சாய்தளம் கட்டி ஒப்பேற்றுவது நியாயமல்ல. நில வரைபடத்திலேயே அந்த இடத்தை ஒதுக்குங்கள்.

பொதுநோக்கு மண்டபம் வெள்ளத்தில் இடம்பெயர்ந்தோர் தங்கும் இடமாகும். எனவே மண்டபத்தின் சில விளக்குகள், மலசலகூட விளக்கு, கைபேசி மின்னேற்றும் சொக்கற்றுகள் ஆகியவை அத்தியாவசியச் சுற்றில் இருக்க வேண்டும்.

பூச்சியும் பல்லியும் உள்ளே புகாமல் என்ன செய்வது?

வெளியில் வைக்கும் பெட்டி தூசியும் நீரும் புகாத ஐ.பி. 65 தரமாக இருக்கட்டும், கேபிள் நுழையும் துளைகளுக்கு இறுக்கி அடைக்கும் கிளாண்ட் போடுங்கள். பலகைக்குள் புகும் எறும்பும் பல்லியும் குறுஞ்சுற்றுக்குக் காரணமாகின்றன.

கடைத்தொகுதியில் கடைகளுக்குத் துணைமானி வைக்கலாமா?

ஒவ்வொரு கடைக்கும் மின்சார சபையின் தனி இணைப்பே நல்லது. சபை நடுவில் நின்று மின்கட்டணம் அறவிட்டால், ஒரு கடைக்காரர் கட்டாதபோது முழுத் தொகுதியின் பட்டியலும் சபையின் தலையில் விழும். பொது விளக்கையும் தண்ணீர் மோட்டாரையும் மட்டும் சபை அளக்கட்டும்.

கேள்விப்பத்திரத்தில் (ரெண்டரில்) என்னென்ன நிபந்தனை எழுத வேண்டும்?

கருவிகள் மொட்பஸ் போன்ற திறந்த நெறிமுறையில், அதாவது எந்த நிறுவனத்தின் கருவியும் புரிந்துகொள்ளும் பொதுமுறையில், பேசவேண்டும். தரவைச் சபை எந்நேரமும் கணக்குத்தாளில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாக எடுக்க முடியவேண்டும். எல்லாக் கடவுச்சொற்களும் வயரிங் வரைபடமும் கையளிப்பு நாளிலேயே செயலாளரிடம் தரப்படவேண்டும். வருடாந்தச் சந்தா கட்டாவிட்டாலும் கட்டடம் இயங்கவேண்டும். தானியங்கும் ஒவ்வொன்றுக்கும் 1.2 மீற்றர் உயரத்தில் கையால் இயக்கும் சுவிட்ச், தமிழிலும் சிங்களத்திலும் பெயரோடு. தடுத்துவைக்கும் பணத்தை ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்த பின்னரே விடுவியுங்கள். இங்கே கருவிகளின் குறை அந்த இரண்டு பருவத்திலும்தான் வெளிப்படும்.

கமரா வைத்தால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வையுங்கள். கமரா இருப்பதை அறிவித்தலாக ஒட்டுங்கள், பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று சபைத் தீர்மானமாக எழுதுங்கள். முறைப்பாடு கொடுக்க வருபவரின் முகத்தையும் கடிதத்தையும் நோக்கிக் கமரா திரும்பக்கூடாது.

பழைய கட்டடம்தான் இருக்கிறது, பணமும் குறைவு. எங்கே தொடங்குவது?

முதலில் 12 மாத மின்பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து, மின்சார சபை மானியை மாலை பூட்டும்போதும் காலை திறக்கும்போதும் ஒரு வாரம் வாசியுங்கள், இரவுப் பாவனை செலவில்லாமல் தெரிந்துவிடும். பிறகு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதியுங்கள், ஏனெனில் பிழையான வயரிங்கின் மேல் எந்தக் கருவியையும் ஏற்றக்கூடாது. அதன் பிறகு விசிறியும் விளக்கும், கூரைக்குக் கீழ் தாளும் முகட்டு வழியும், மேற்குச் சுவருக்கு நிழல். மானிகள் அடுத்த ஆண்டுப் பாதீட்டில் வரட்டும். அந்தப் பாதீட்டிலேயே கருவி விலையின் 5 வீதத்தை ஒவ்வொரு ஆண்டுப் பராமரிப்புக்கும் ஒதுக்கி, பார்க்கும் பொறுப்பை ஓர் உத்தியோகத்தரின் கடமைப் பட்டியலில் எழுத்தில் சேருங்கள். அவர் இடமாற்றம் பெற்றால், அடுத்தவருக்குக் கையளிக்கும் பொருட்களில் கடவுச்சொல் உறையும் இருக்கவேண்டும்.